பதினைந்து ரூபாய் டிக்கெட்டும் ஐந்நூறு ரூபாய் அபராதமும்



இது நீளமான பதிவு. "சார், சுருக்கமா எழுதக் கூடாதா?" என்று கேட்பவர்கள் இப்போதே கேட்டுவிடலாம். வகுப்பிலும் மணி அடித்த பிறகு பத்து நிமிடம் இழுத்தவன்தான் நான். ஒரு டீயைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டு பௌர்ணமிக்கு முன்னால், டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாகப் பிடிபட்டு நான் ஐந்நூறு ரூபாய் அபராதம் கட்டினேன். சிலருக்கு இது முன்பே தெரியும். அந்தப் பஸ்ஸில் என்னிடம் படித்த ஒருவரின் அம்மா இருந்தார். நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பெங்களூரிலிருந்து என் அக்கா மகன் போன் செய்து, "மாமா, பஸ்ஸுக்குக் காசு வேணுமா, ஜிபே பண்ணட்டுமா?" என்று கேட்டுச் சிரித்தான். அவன் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் பாதிக் கதை ஊரில் சுற்றுவதைவிட முழுக் கதையை நானே சொல்லிவிடுவது நல்லது.

எந்த வண்டி, யாருடைய வண்டி என்று எழுத மாட்டேன். கமெண்டிலும் கேட்காதீர்கள். யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை.

அன்று கீழ்பென்னாத்தூரில் ஒரு வளைகாப்பு. சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு சாயங்காலம் பஸ் ஏறினேன். பௌர்ணமி நாள் நம் ஊர்ப்பக்கம் பஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செஞ்சி, திண்டிவனம் பக்கமிருந்து கிரிவலம் வருகிற கூட்டம் எல்லாம் அதில்தான். நான் பின்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்தேன். கண்டக்டர் முன்பக்கம் எங்கேயோ இருந்தார். இருபது ரூபாய் நோட்டை எடுத்து, "திருவண்ணாமலை ஒண்ணு, கொஞ்சம் பாஸ் பண்ணுங்க" என்று முன்னால் நின்ற பையனிடம் கொடுத்தேன். அவன் அடுத்தவரிடம் கொடுத்தான். அது கை மாறி கை மாறிப் போனதை நாலு தலை தள்ளி வரைக்கும் பார்த்தேன். பிறகு கூட்டத்தில் மறைந்துவிட்டது.

நம் பஸ்களில் இது தினமும் நடப்பது. யாரென்று தெரியாத பத்துப் பேர் கை வழியாகக் காசு போகும், அதே கைகள் வழியாக டிக்கெட்டும் சில்லறையும் திரும்பி வரும். நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு வராமல் போனதில்லை. அன்றைக்கு வரவில்லை. பதினைந்து ரூபாய் டிக்கெட்டும் ஐந்து ரூபாய் சில்லறையும் வர வேண்டும். கூட்டம் குறைந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சோமாசிபாடி தாண்டியதும் வண்டி நின்றது. இரண்டு பரிசோதகர்கள் ஏறினார்கள். "டிக்கெட்டை எல்லாம் கையில எடுத்து வெச்சுக்கங்க."

என்னிடம் வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டார். "பெரியவர் காசு குடுத்தாராமே, வந்துச்சா?"

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சட்டை முழுக்க வியர்வை. ஒரு கையில் டிக்கெட் மெஷின், விரல் இடுக்கில் மடித்த நோட்டுகள். "இல்லீங்க சார், வரலை" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

என் நோட்டை வாங்கி முன்னால் கொடுத்த பையன் அதற்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டிருந்தான். மற்றவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? யாருடைய இருபது ரூபாய் யாருடைய கை வழியாகப் போனது என்று யார் கணக்கு வைத்துக்கொள்வார்கள்?

கீழே இறங்கச் சொன்னார்கள். இறங்கினேன். என்னோடு இன்னொருவரும் இறக்கப்பட்டார். கட்டட வேலைக்காரர். தோளில் சிமெண்ட் படிந்த பை, அதற்குள் கரண்டியும் மட்டப்பலகையும். அவரிடம் டிக்கெட் இருந்தது. ஆனால் அது சோமாசிபாடி வரைக்கும்தான். வேலைக் களைப்பில் தூங்கிவிட்டார், இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. "எறங்கிடறேன் சார், மேல்காசு எவ்ளோன்னு சொல்லுங்க, குடுத்துடறேன்" என்றார். அவருக்கும் ஐந்நூறு என்றார்கள். அவர் சட்டைப்பையில் இருந்ததை எடுத்து எண்ணினார். இரண்டு நூறு ரூபாய்த் தாளும் கொஞ்சம் சில்லறையும் இருந்தன.

என்னிடம் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் இருந்தது. வாதாடிப் பார்த்திருக்கலாம். ஆனால் வண்டி முழுக்க ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வருடம் இந்த ஊரில் 'சார்' என்று கூப்பிடப்பட்டவன், சாலையோரத்தில் டிக்கெட் திருடனாக நின்றேன். எப்படியாவது அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. பணத்தைக் கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள். அந்த வண்டி போய்விட்டது. அடுத்த பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

அந்தக் கட்டட வேலைக்காரர் அங்கேயே நின்றார். யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

என் ஐந்நூறு ரூபாயைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. பென்ஷன் வருகிறது. ஆனால் அவரை விட்டுவிட்டு வந்தேனே, அது இரண்டு மாதமாக உறுத்துகிறது. "இவர் தூங்கிட்டார் சார், பார்த்தாலே தெரியுதே, மேல்காசை வாங்கிட்டு விடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாத்தியார் சொன்னால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். டிக்கெட் இல்லாத வாத்தியார் சொன்னால் யார் கேட்பார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டம்மா முதலில் கோபப்பட்டார். பிறகு சிரித்தார். காரணம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் நாலு பேர் விழுப்புரத்தில் படம் பார்க்க டிக்கெட் எடுக்காமல் ரயிலில் போனோம். அப்போது மீட்டர் கேஜ் பாதை. டி.டி.இ. வருகிறார் என்றதும் இரண்டு பேர் கக்கூஸில், இரண்டு பேர் சீட்டுக்கு அடியில். தப்பித்துவிட்டோம். கல்யாணமான புதிதில் இந்த வீரக்கதையை அவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். "அன்னிக்குத் தப்பிச்சீங்க. ஐம்பது வருஷம் கழிச்சு வட்டியோட வசூல் பண்ணிட்டார் அண்ணாமலையார்" என்றார். ஆக, டிக்கெட் எடுக்காமல் போகிறவர்களைப் பற்றி நான் பேசுவது வெளியிலிருந்து பேசுவது அல்ல. வேண்டுமென்றே ஏமாற்றியவனாகவும் இருந்திருக்கிறேன், ஏமாற்றாமல் மாட்டியவனாகவும் இருந்திருக்கிறேன். முதல் தடவை ஒரு பைசா கட்டவில்லை. இரண்டாவது தடவை ஐந்நூறு.

அபராதமே கூடாது என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஒருவர் போனால், டிக்கெட் எடுத்தவர்கள்தான் அவருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். டீசலுக்கும் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டிக்கெட் பதினைந்து ரூபாய், அபராதம் ஐந்நூறு ரூபாய். ஐந்நூறைப் பதினைந்தால் வகுத்தால் முப்பத்து மூன்று சொச்சம். அதாவது முப்பத்து மூன்று பயணத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவாகச் செக்கிங் வந்தால், டிக்கெட்டே எடுக்காதவனுக்கு லாபம். இதைச் சரிக்கட்ட இரண்டு வழி உண்டு. செக்கிங்கை அதிகமாக்கலாம், அல்லது அபராதத்தை அதிகமாக்கலாம். முதலாவதற்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு போர்டில் எண்ணை மாற்றி எழுதினால் போதும். அதனால்தான் எந்த நாட்டிலும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அபராதம் இத்தனை மடங்காக இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்து, 'எடுக்க வேண்டாம்' என்று முடிவு செய்தவனுக்குத்தான் இது பொருந்தும். தூங்கிப்போனவர் எந்தக் கணக்கும் போடவில்லை. பாஸை வீட்டில் மறந்து வைத்த பிள்ளையும் போடவில்லை. அவர்களுக்கு ஐந்நூறு என்றாலும் ஐயாயிரம் என்றாலும் அடுத்த தடவை தூக்கம் வராமல் இருக்கப் போவதில்லை. திருடனைப் பயமுறுத்துவதற்காகப் போட்ட தொகையைத் தூங்கினவரிடமும் வாங்குகிறோம்.

தொகை எல்லாருக்கும் ஒன்றுதானே, அதுதானே சமநீதி என்று ஒரு மாணவர் எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். ஐந்நூறு ரூபாய் எனக்கு ஒரு நாள் மனக்கஷ்டம். உங்களில் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு. நூறு நாள் வேலைக்கு 2025–26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதை வாங்குகிறவருக்கு ஐந்நூறு என்பது ஏறக்குறைய ஒன்றரை நாள் உழைப்பு. எண் ஒன்றுதான், எடை ஒன்றல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 178ஆவது பிரிவு. முறையான டிக்கெட்டோ பாஸோ இல்லாமல் பயணம் செய்தாலும், கேட்டவுடன் காட்டாவிட்டாலும், ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். அந்த 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்நூறு என்பது உச்சவரம்பு. குற்றத்துக்குத் தக்கபடி ஐம்பதும் போடலாம், நூறும் போடலாம் என்பதற்காகத்தான் அந்தச் சொல் அங்கே இருக்கிறது. எங்கள் இருவருடைய விஷயத்திலும் அந்த 'வரை' சாலையோரத்தில் காணாமல் போய்விட்டது.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை எனக்குத் தெரியாது. கண்டக்டர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ கட்டணத்தை வாங்காமல் விட்டாலும், வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காவிட்டாலும், அவருக்கும் ஐந்நூறு வரை அபராதம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பரிசோதகர் ஏறியதும் என்ன ஆகிறது? பயணி சொல்வது உண்மையென்றால் கண்டக்டர் குற்றவாளி. கண்டக்டர் சொல்வது உண்மையென்றால் பயணி குற்றவாளி. பயணிக்குப் போவது ஐந்நூறு. கண்டக்டருக்கு மெமோ வரும், விசாரணை வரும், வேலையே போகலாம்.

மிகையாகச் சொல்லவில்லை. டெல்லியில் ஒரு பஸ் கண்டக்டரைப் பற்றிப் பத்து வருடத்துக்கு முன்னால் செய்தித்தாள்களில் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 1973இல் ஒரு பெண்ணிடம் பதினைந்து பைசா வாங்கிக்கொண்டு பத்துப் பைசா டிக்கெட் கொடுத்தார் என்று குற்றச்சாட்டு. விஷயம் ஐந்து பைசா. 1976இல் வேலை போனது. 1990இல் தொழிலாளர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் மேல்முறையீடு, வழக்கு என்று நாற்பது வருடம் இழுத்தது. ஐந்து பைசாவுக்கு ஒரு ஆயுள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கண்டக்டர் பையன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டது எனக்குப் புரிந்தது. ஒரே ஆள், அத்தனை கூட்டம், பத்துத் திசையிலிருந்து கை வழியாக வரும் காசு. யாருடையது எது என்று அவருக்கும் குழம்பியிருக்கும். 'வந்துச்சு சார், டிக்கெட் குடுக்க மறந்துட்டேன்' என்று அவர் உண்மையைச் சொன்னால், உண்மைக்குப் பரிசாக மெமோ கிடைக்கும். அப்படி ஒரு இடத்தில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டு உண்மையைச் சொல் என்றால் எப்படிச் சொல்வான்?

மூன்று வாரம் கழித்து அதே வழியில் மறுபடி பஸ் ஏறினேன். அதே கண்டக்டர். இந்தத் தடவை கூட்டமில்லை. அவரே என் சீட்டுக்கு வந்து டிக்கெட் கொடுத்தார். சில்லறை கொடுக்கும்போது ஐந்து ரூபாய் அதிகமாக இருந்தது. "ஐந்து ரூபா கூட வந்திருக்குப்பா" என்றேன்.

"அது அன்னிக்குப் பாக்கி சார்" என்றார். அவ்வளவுதான். முன்னால் போய்விட்டார்.

என் இருபது ரூபாய் அன்றைக்கு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அந்த ஐந்து ரூபாய் நாணயம்தான் சாட்சி. அதை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவது? என் ரசீதில் தொகை இருந்தது, தேதி இருந்தது. இது தவறு என்று நினைத்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இல்லை. இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். போனால் அந்தப் பையனுக்குத்தான் மெமோ. அந்த நாணயம் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

ரயில்வே சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் 137, 138 என்று இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து உள்ளன. ஏமாற்றும் எண்ணத்தோடு டிக்கெட் இல்லாமல் போனால் 137: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லாமல், டிக்கெட் இல்லை அல்லது டிக்கெட்டுக்கு மேல் தூரம் போய்விட்டார் என்றால் 138: கட்டணமும், அதற்கு மேல் கூடுதல் தொகையும். அந்தக் கூடுதல் தொகை கட்டணத்துக்குச் சமமாக, குறைந்தது 250 ரூபாயாக இருக்கும். 250 என்பதும் ஏழைக்குச் சின்னத் தொகை அல்ல. ஆனாலும் திருட்டு வேறு, தவறு வேறு என்று இரண்டுக்கும் இரண்டு பெட்டி வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்கிறேன்.

மெல்போர்னில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, அவர்கள் ஊரில் நடந்ததைச் சொன்னாள். 2014இல் அங்கே டிராமிலும் ரயிலிலும் டிக்கெட் இல்லாதவர்கள் அங்கேயே கார்டில் 75 டாலர் கட்டிவிட்டுப் போகலாம் என்று கொண்டுவந்தார்கள். கட்டாவிட்டால் இருநூறு டாலருக்கு மேல் நோட்டீஸ் வரும். இதில் ஒரு சூட்சுமம். அந்த 75ஐக் கட்டிவிட்டால் பிறகு 'நான் தப்புச் செய்யவில்லை' என்று முறையிட முடியாது. நோட்டீஸ் வாங்கினவருக்குத்தான் முறையிடும் உரிமை. அதனால் தப்புச் செய்யாதவர்களும், தொல்லை விட்டால் போதும் என்று 75ஐக் கட்டிவிட்டுப் போனார்கள். அந்த மாநிலத்தின் குறைகேட்பு அதிகாரி இதைக் கண்டித்தார். 2017 ஜனவரி முதல் தேதியோடு அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். சோமாசிபாடி தாண்டி நான் செய்ததும் அதுதானே? என் நியாயத்தை விற்று நிம்மதியை வாங்கினேன்.

ஜெர்மனியில் டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. ஆனால் தன் பெயரில் மாதப் பாஸ் இருந்து அதை மறந்துவிட்டு வந்தவர், ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய்க் காட்டினால் ஏழு யூரோவோடு முடிந்தது. நம் ஊரிலும் இந்த மனசு இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில், புதுப் பாஸ் கைக்கு வரும் வரைக்கும் சீருடையைப் பார்த்தே பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு வருடமும் அறிவிப்பு வருகிறதே. பிள்ளையின் தவறு இல்லாத இடத்தில் பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்பது நமக்கும் தெரிந்ததுதான்.

இனி சொல்லப் போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

1986 என்று நினைக்கிறேன். என் வகுப்பில் தாமதமாக வருகிறவர்களுக்கு நாலணா அபராதம் வைத்திருந்தேன். மேசைமேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். தாமதமாக வந்தால் பேசக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது, நாலணாவைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும். அந்தக் காசில் வகுப்புக்குக் கலர் சாக்பீஸும் சுவரில் மாட்டப் படமும் வாங்கினேன். தலைமையாசிரியர் பாராட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது.

தண்டராம்பட்டுப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் வருவான். நன்றாகப் படிப்பான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் முதல் இரண்டு பீரியடும் இருக்க மாட்டான், இடைவேளைக்குப் பிறகு வந்து உட்கார்ந்திருப்பான். ஒரு மாதம் கழித்து ஒருநாள் ஸ்டாப் ரூமிலிருந்து பார்க்கிறேன். புளியமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"லேட்டா வந்தா நாலணா சார். லீவுன்னா ஒண்ணும் இல்லையே."

கணக்கு வாத்தியாருக்கு மாணவன் சொன்ன கணக்கு. முதல் பஸ் சில நாள் அவன் ஊருக்கு வராது. வராத பஸ்ஸுக்கு அவன் நாலணா கட்ட வேண்டும். நாலணா இல்லாததால் இரண்டு பீரியட் பாடத்தை விட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தான். நான் வைத்த அபராதம் அவனைச் சீக்கிரம் வரவைக்கவில்லை. ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தது.

அடுத்த நாள் பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு நோட்டு வைத்தேன். தாமதமாக வருகிறவர்கள் தேதியும் காரணமும் எழுதிவிட்டு உட்கார வேண்டும். சனிக்கிழமை நான் படித்துப் பார்ப்பேன். ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது, தாமதமாக வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வழித்தடத்துப் பிள்ளைகள். மற்றவர்களில் இரண்டு பேர் சும்மா சோம்பேறிகள். யாரென்று நான் சொல்ல வேண்டாம், அவர்களே கமெண்டில் வருவார்கள். அந்த இருவருக்கும் தண்டனை கொடுத்தேன். அவர்களும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் மரத்தடியில் உட்கார்ந்தவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வாத்தியார் மன்னிப்புக் கேட்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் இந்தப் பக்கத்தைப் படிக்கிறான் என்று தெரியும். அப்பா, நாற்பது வருடம் தாமதமாகக் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு. தாமதத்துக்கு என்ன அபராதமோ அதையும் நீயே சொல்.

அந்தப் பாட்டில் செய்ததையும் அந்தச் சாலையோரம் நடந்ததையும் வைத்துப் பார்க்கிறேன். குற்றம் சாட்டுகிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் காசு வாங்குகிறவரும் ஒரே ஆள். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும். அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதில் தவறு நடக்கும். நான் கெட்ட வாத்தியார் இல்லை. ஆனாலும் நடந்தது. தண்டனை எவ்வளவு சரியாக அளந்து கொடுக்கப்பட வேண்டும் என்பதற்கு வள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' என்று ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார். அது அரசனுக்குச் சொன்னது மட்டும் அல்ல, பாட்டில் வைத்த வாத்தியாருக்கும்தான்.

அதற்காக எல்லாவற்றையும் கோர்ட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. கோர்ட்டுக்கு அலைந்தால் ஏழைக்கு இன்னும் இரண்டு நாள் கூலி போகும். அங்கேயே முடிப்பதில் ஒரு நன்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது நாலே விஷயம்.

ஒன்று, கையில் பழைய ஸ்டேஜ் டிக்கெட் இருக்கிறவரையும் டிக்கெட்டே எடுக்காதவரையும் ஒன்றாக வைக்காதீர்கள். முன்னவரிடம் மேல்காசும் சின்னத் தொகையும் போதும்.

இரண்டு, சட்டத்தில் இருக்கும் 'வரை' என்ற சொல்லுக்கு மரியாதை கொடுங்கள். முதல் தடவைக்கு ஒன்று, மறுபடி மறுபடி மாட்டுகிறவருக்கு முழுத் தொகை.

மூன்று, பணம் இல்லாதவரைச் சாலையில் நிறுத்தி வைக்காதீர்கள். பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு, கட்ட பத்து நாளும், முறையிட ஒரு இடமும் கொடுங்கள். அதை ரசீதிலேயே அச்சடியுங்கள்.

நான்கு, நெரிசலில் தவறிவிட்டது என்று அங்கேயே ஒப்புக்கொள்ளும் கண்டக்டருக்கு மெமோ வேண்டாம். உண்மை சொல்வது அவருக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

"பத்து நாள் கொடுத்தால் எவன் சார் வந்து கட்டுவான்? பொய் முகவரி கொடுத்துவிட்டுப் போவான்" என்று என் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. பைக்குக்கு நம்பர் பிளேட் உண்டு, பஸ் பயணிக்கு இல்லை. சில பேர் ஏமாற்றத்தான் செய்வார்கள். கொஞ்சம் பணம் போகத்தான் செய்யும். அந்த நஷ்டத்தை ஒரு பக்கத்திலும், தூங்கிப்போன குற்றத்துக்கு இருட்டும் நேரத்தில் சாலையில் நிற்கும் ஒரு மனிதரை இன்னொரு பக்கத்திலும் வைத்துப் பார்க்கிறேன். எனக்கு எந்தப் பக்கம் கனக்கிறது என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு எப்படி என்று நீங்கள் சொல்லுங்கள்.

உங்களில் கண்டக்டராக இருப்பவர்கள் உண்டு, டி.டி.இ.யாக இருப்பவர்கள் உண்டு, வக்கீல்களும் உண்டு. எழுதுங்கள். நான் சொன்னதில் தவறு இருந்தால் திருத்துங்கள், திருத்திக்கொள்கிறேன். ரசீது புத்தகத்தைத் திறக்கும் முன்னால் எதிரில் நிற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "என்ன ஆச்சு?" என்று. அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

அந்த வழியில் போகும்போதெல்லாம் சோமாசிபாடி நிறுத்தத்தில் எட்டிப் பார்க்கிறேன். சிமெண்ட் படிந்த பையோடு யாராவது நிற்கிறார்களா என்று. இதுவரை அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச வேண்டும்.

கடைசியாக, பழைய வழக்கப்படி ஒரு வீட்டுப்பாடம். பஸ் ஏறினால் முதலில் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் யாராவது மாட்டிக்கொண்டால், உங்களுக்கு உண்மை தெரியும் என்றால், வாயைத் திறந்து சொல்லுங்கள். உங்கள் சார் சொல்லாமல் வந்துவிட்டார். நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
திருவண்ணாமலை.